கொக்கித் தராசு அண்ணர்

கொழும்பு பேஸ்லைன் வீதியில் வடக்கே போனால் களனிப் பாலம். அதைத் தாண்டினால் 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை. பெட்டி ஏற்றிய வான்கள் இந்தப் பக்கமாக விமான நிலையத்துக்குப் போவதாலோ என்னவோ, தெமட்டகொடையில் ஒழுங்கைக்கு ஒரு விமான ஆலோசகர் முளைத்திருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது, ஒரு கொக்கித் தராசு உண்டு. பெரும்பாலும் அவர் பிளேனில் ஏறியவர் அல்லர்; வழியனுப்பும் கண்ணாடிக் கதவோடு அனுபவம் முடிந்துவிடும். ஆனால் 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனதை, அதில் தானே சாமான் ஏற்றிவிட்டவர் போலச் சொல்லுவார். கனடா போகும் பிள்ளையின் பெட்டியைக் கையால் தூக்கி, "தங்கச்சி, இது இருபத்தாறு. மூண்டைக் குறையுங்கோ" என்பார். தராசு அதற்குப் பிறகுதான் வெளியே வரும்.

இந்த மனிதருக்குக் கட்டணம் நிர்ணயிக்க வேண்டும் என்பது என் கட்சி. அவர் அறிவு பொய்யில்லை. இரண்டு பெட்டிக்கு இருபத்துமூன்று கிலோ வீதம் என்றால், நாற்பத்தாறையும் ஒரே பெட்டியில் அடைக்கலாம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முப்பத்திரண்டைத் தாண்டிய பெட்டியைப் பொதுவாக எந்த நிறுவனமும் ஏற்காது. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், சீனிச்சம்பல் போத்தல் கைப்பையில் போகவே கூடாது. கவுண்டரின் முன்னால் பெட்டியைத் திறந்து உள்ளாடைகளை ஊருக்குக் காட்டும் அவமானத்திலிருந்து காப்பாற்றும் ஆலோசனைக்கு விலை இல்லையா? எந்த அளவுகோலில் என்பதுதான் சிக்கல். மணிக்கணக்கில் கொடுத்தால் அண்ணர் இரத்மலானையிலிருந்து தொடங்குவார். டிக்கட் விலையில் வீதம் என்றால், விலை கூடிய டிக்கட்தான் அவருக்குப் பாதுகாப்பானதாகத் தெரியும். இது வெறும் ஐயம் அன்று. டிக்கட் முகவர்கள் நெடுங்காலம் விமான நிறுவனங்களின் தரகுக் காசில் வாழ்ந்தவர்கள். அமெரிக்காவில் டெல்டா 1995இல் அதற்கு உச்சவரம்பு போட்டு, 2002இல் அடிப்படைத் தரகையே நிறுத்தியது; மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். இந்த வெட்டுகளோடுதான் முகவர்கள் பரவலாகப் பயணியிடமே சேவைக் கட்டணம் கேட்கப் பழகினார்கள். யார் காசு தருகிறாரோ அவருக்குத்தான் ஆலோசனை என்பது அப்போது வெளிச்சமானது. ஆகவே பெட்டிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிய ஒரு சிறு தொகை. அதிலும் பாதி, பெட்டி கவுண்டரைக் கடந்த பிறகு.

"அயலுக்குள்ளே காசா?" என்பார்கள். அண்ணர் இப்போது மட்டும் சும்மாவா வேலை செய்கிறார்? மூன்று பிளேன் டீ, ஒரு மத்தியானச் சாப்பாடு, பிறகு வாசலில் வைத்து, "வரேக்க ஒரு சின்னச் சாமான்." அந்தச் சின்னச் சாமான் சொக்லட், சென்ட், மருமகனுக்குச் சப்பாத்து என்று நாலு கிலோ. போகும்போது மூன்று கிலோ குறைத்தவர், வரும்போது நாலு ஏற்றுகிறார். கணக்குப் பார்த்தால் இலவசம்தான் ஊரிலேயே விலை கூடிய ஆலோசனை.

"தகைமை இல்லாதவருக்குக் கட்டணமா?" என்பது கொஞ்சம் கனமான கேள்வி. பெட்டி நிறுக்கத் தகைமை வேண்டாம். ஆனால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க இலங்கையின் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். "விசாவையும் நானே பாக்கிறன்" என்று அண்ணர் தொடங்கினால், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிட வேண்டும். விமானி இறக்கிய விதம் சரியில்லை என்ற விமர்சனத்துக்கோ, கேட்பவருக்குத்தான் அவர் காசு தர வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தடை அண்ணரேதான். காசை நீட்டினால், "என்னை ஏஜென்ட் எண்டு நினைச்சீங்களோ?" என்று முகம் சிவப்பார், சப்பாத்தின் அளவு எழுதிய துண்டு மட்டும் சட்டைப் பையில் இருக்கும். உறையில் போட்டு, அவருடைய கொக்கித் தராசிலேயே மாட்டிவிடலாம். முள் அசையாது, திரும்பி வரும்போது சுமக்கவும் வேண்டியதில்லை.