தாயாட்டின் முதுகெலும்பு

மூலனூர்ப் பக்கத்தில் எங்கள் கொறங்காட்டில் அந்தக் காலத்தில் ஆட்டுக்குட்டியை யாரும் எடை போட்டதில்லை. அப்பாரு தாயாட்டைத்தான் பிடிப்பார். இடுப்புக்குச் சற்று முன்னால் முதுகெலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். எலும்பு முள்ளாகத் தட்டுப்பட்டால், "இது போடற குட்டி தேறாது கண்ணு" என்பார். இன்று கால்நடை மருத்துவர்கள் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் 1 முதல் 5 வரை ஆட்டின் உடல்நிலைக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

கொறங்காடு என்றால் சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரங்கள். வேலி அடைப்பாக இருந்தால் மேய்க்க ஆள் வேண்டாம். ஒரு காட்டில் புல் குறைந்ததும் மேச்சேரி ஆடுகளை அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவோம். ஆடியில் சினைப்பட்டது மார்கழியில் ஈனும். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். வயிற்றுக்குள் குட்டிக்குச் சதை போடுவது பெரும்பாலும் கடைசி 50 நாளில். அந்த நாட்கள் ஐப்பசி, கார்த்திகையில் மழைப்புல் எழும் வேளையோடு பொருந்திவரும். மார்கழிக் குட்டி விழுந்த சிறிது நேரத்தில் எழுந்து, மடியை முட்டி, வாலைப் படபடவென்று ஆட்டிக்கொண்டு சீம்பால் குடிக்கும். தாய்க்கும் தைவரை பால் வற்றாது.

அதற்காக அந்தக் காலமே சிறந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சித்திரையில் பிறந்த குட்டிகள் தோலும் எலும்புமாக நிற்கும். தாய்கள் வெள்வேலங்காய் பொறுக்கி உயிரைப் பிடித்திருக்கும். மடியில் பால் ஏது? மழைக்காலத்தில் குடற்புழு வேறு. காலையில் பட்டியைத் திறக்கும்போது குட்டி செத்துக் கிடந்த நாட்கள் உண்டு.

இப்போது தம்பி குட்டிகள் நிற்கத் தரைக்கு மேலே இடுக்கு விட்ட பரண் போட்டிருக்கிறான். புழுக்கை இடுக்கு வழியே கீழே விழுந்துவிடுவதால் புழுத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. பிறந்த இரண்டு வாரத்தில் குட்டி தீவனத்தைக் கொறிக்கத் தொடங்குகிறது. அப்படிக் கொறித்துத்தான் அதன் பெருவயிறு விரிந்து வேலைக்குத் தயாராகிறது. நடந்து அலைந்து செலவழிக்கும் சக்தியும் மிச்சம். தொட்டிலில் போட்டுத் தொங்கு தராசில் நிறுத்தால், மேய்ச்சல் குட்டியைவிடப் பரண் குட்டி முந்துவது கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் வேகமாக வளர வேண்டும் என்று தானியத்தைத் திடீரென்று கூட்டினால், கொழுத்த குட்டியாகப் பார்த்துத் துள்ளுமாரி நோய் கொண்டுபோய்விடும். தடுப்பூசியும் வேண்டும், தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் பொறுமையும் வேண்டும்.

எனக்கு ஆதங்கம் வேறு ஒன்றில். பரண் வந்ததும் எல்லோர் கண்ணும் குட்டியின் மேலேயே போய்விட்டது. ஊரில் பலர் விலை கூடிய தீவனத்தைக் குட்டிக்குக் கொட்டுகிறார்கள். சினையாட்டுக்கு வெறும் சோளத்தட்டு. இரண்டு கிலோகூட இல்லாமல் பிறந்த குட்டியை எந்தத் தீவனமும் அவ்வளவு எளிதில் தேற்றிவிடாது. மழைப்புல் தானாகச் செய்து கொடுத்த வேலையை இனி நாம்தான் கையால் செய்தாக வேண்டும்.

தம்பியோடு இதைப் பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். தாய்கள் பகலில் கொறங்காட்டில் மேய்கின்றன. ஈனுவதற்கு ஒன்றரை மாதம் முன்பிருந்து மாலையில் கம்பும் கடலைப்பிண்ணாக்கும் உண்டு. பால் மறந்த குட்டிகள் மட்டும் பரணில். பக்கத்துக் காடுகளில் கிளுவையைப் பிடுங்கிச் சூரிய மின்தகடுகளுக்கு விடுகிறார்கள். எங்கள் காட்டுக்கும் ஆள் வந்து கேட்டுப் போனார்கள். கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டோம்.