அடைப்பியல்: வீட்டுக்கடனை முந்தி முடிப்பது குறித்த ஓர் ஆய்வு

பல்கலைக்கழகங்கள் இதுவரை கண்டுகொள்ளாத துறை ஒன்று உண்டு. இருபது வருஷத்துக்கு வாங்கிய ஹவுசிங் லோனைப் பதினாறிலேயே முடித்துவிடத் துடிக்கும் நடுத்தர வர்க்கத்தின் நடத்தையை ஆராயும் துறை அது. வசதிக்காக இதற்கு அடைப்பியல் என்று பெயரிடுவோம். இதயநோய் மருத்துவர்கள் பொறுத்தருள்க.

ஆய்வுக்களம், சென்னைக்குத் தெற்கே ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வட்டாரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் ஒருவர்தான். அகத்திணை மரபை ஒட்டி அவருக்குப் பெயர் சூட்டவில்லை. தலைவன் என்றே அழைப்போம். தலைவன் வாங்கிய கடன் 30 லட்சம், வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு. மனிதர் கற்பனை. கணக்கு கற்பனை அல்ல.

மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் தவணையில் வட்டிக்குப் போவது 21,250. அசலில் கழிவது 4,785. இந்த விகிதம் மெல்ல மாறும். எவ்வளவு மெல்ல எனின், அசலுக்குப் போகும் பங்கு வட்டிக்குப் போகும் பங்கை முந்துவது 143-ஆம் தவணையில். மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் கல்லூரிக்கே போயிருக்கும். கடன் பாதியாகக் குறைய 166 மாதம் ஆகும். இருபது ஆண்டு முடிவில் தலைவன் கட்டியிருப்பது 62 லட்சத்து 48 ஆயிரம். இதில் வங்கி செய்த சூது ஏதுமில்லை. மீதிக் கடனுக்கு மாத வட்டியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அசலில் கழிக்கிறது, அவ்வளவே. ஆனாலும் ஆண்டு இறுதியில் வரும் ஸ்டேட்மெண்டைப் பார்த்துவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கிய தலைவனை ஆய்வுலகம் இன்னும் சந்திக்கவில்லை.

இங்கேதான் பார்ட் பேமெண்ட் என்னும் கருவி பிறக்கிறது. வருஷத்துக்கு ஒரே ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டிவந்தால் கடன் ஏறக்குறைய மூன்றேகால் ஆண்டு முன்னதாக முடியும். ஆறு லட்சத்துக்கு மேல் வட்டி மிஞ்சும். எப்போது கட்டுகிறோம் என்பது இன்னும் முக்கியம். முதலாண்டு முடிந்ததும் தலைவன் ஒரு லட்சம் கட்டுகிறான் என்க. கடைசியிலிருந்து 18 தவணை உதிர்ந்துவிடும். அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாம் ஆண்டு முடிவில் கட்டினால் உதிர்வது ஆறு தவணைகூட இல்லை. முன்னதில் மிஞ்சும் வட்டி சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம். பின்னதில் 50 ஆயிரம்.

இதிலிருந்து அடைப்பியலின் முதல் விதியைப் பெறலாம்: கையில் காசு சேரும் வேகமும் அதைக் கட்டுவதால் விளையும் பயனும் எதிரெதிர்த் திசையில் நடக்கும். அஃது என்னை எனின், முதலாண்டில் தலைவனிடம் ஒரு லட்சம் இருப்பதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று நிற்கிறது. கபோர்டு வேலைக்காரருக்குப் பாக்கி. பத்திரச் செலவுக்காகத் தலைவியின் வளையல் அடகுக்கடைக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. தீபாவளி போனஸ் வந்தாலோ அதற்கு வாஷிங் மெஷின், ஸ்கூல் ஃபீஸ், நகைச்சீட்டு என்று உரிமை கோருவோர் வரிசையில் நிற்பார்கள். வீட்டுக்கடன் அந்த வரிசையில் கடைசி. சம்பளம் உயர்ந்து, அரியர்ஸ் வந்து, ஏலச்சீட்டும் எடுத்து, தலைவன் செக் புத்தகத்தோடு வங்கிக்குள் கம்பீரமாக நுழையும்போது பதினாறாம் ஆண்டு நடக்கிறது. வட்டியில் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது.

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், பிறர் கொள்கையை மறுக்கும் பரபக்கத்தை முன்னே வைத்து, தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்தைப் பின்னே வைக்கும். அடைப்பியலுக்கும் அந்த ஒழுங்கு தேவை. ஏனெனில் எதிர்வாதிகள் பலமானவர்கள்.

முதல் எதிர்வாதி ஆடிட்டர். “லோனை அடைச்சிடாதீங்க சார், டாக்ஸ் பெனிஃபிட் போயிடும்” என்பது அவர் வாய்மொழி. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24(பி) பிரிவு, குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு தந்தது. முப்பது சதவீத வரி கட்டுபவருக்கு இதில் மிஞ்சுவது, செஸ் சேர்த்து, 62,400 ரூபாய். நம் தலைவன் முதலாண்டில் கட்டும் வட்டி இரண்டரை லட்சத்துக்கும் மேல். இரண்டரை லட்சத்தைக் கொடுத்து அறுபதாயிரத்தை மீட்பதற்கு லாபம் என்று பெயர் சூட்டியவர் யாரென ஆய்வாளர்கள் தேடிவருகின்றனர். 2023-24 நிதியாண்டு முதல் இயல்பான தேர்வாக ஆகிவிட்ட புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவும் கிடையாது.

இரண்டாம் எதிர்வாதி எஸ்.ஐ.பி.க்காரர். எட்டரை சதவீதக் கடனை அடைப்பதைவிட மியூச்சுவல் ஃபண்டில் பன்னிரண்டு சதவீதம் பார்க்கலாமே என்பார். தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் அவர் சொல்லும் பன்னிரண்டு நம்பிக்கை. கடனில் மிஞ்சும் எட்டரை நிச்சயம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முறையன்று. (ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் எல்லாவற்றையும் கடனில் கொட்டுபவரை இந்த ஆய்வும் ஆதரிக்கவில்லை. ஆஸ்பத்திரி பில்லுக்கு அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் வங்கி சாதாரணக் கடனில் தராது. போட்டதைத் திரும்ப எடுக்க வழிவைத்த ஸ்டேட் பாங்கின் மேக்ஸ்கெயின் போன்ற ஓவர்டிராஃப்ட் கடன்கள் இதற்கென்றே உள்ளன.)

இனிச் சுபக்கம். அடைப்போருக்கு ரிசர்வ் வங்கியே பாதை போட்டுக் கொடுத்திருக்கிறது. முன்கூட்டிக் கட்டுபவரிடம் வங்கிகள் அபராதம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. வங்கி வாடிக்கையாளர் சேவையை ஆராய்ந்த தாமோதரன் குழுவின் பரிந்துரையை ஏற்று 2012 ஜூனில் ரிசர்வ் வங்கி, மாறும் வட்டியுள்ள வீட்டுக்கடன்களுக்கு அந்த அபராதத்தை நீக்கச் சொன்னது.

அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை வீட்டுக்கடன் வட்டியை ஏற்றி இறக்கும் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏறியது. 6.5 சதவீத வட்டியில் 30 லட்சம் கடனுக்கு, இருபது ஆண்டுக்குத் தவணை 22,367 ரூபாய். அசல் அதே நிலையில் இருக்க, வட்டி 9 ஆனால் ஒரு மாத வட்டியே 22,500. மாதாமாதம் தவறாமல் கட்டிக்கொண்டே போனாலும் கடன் 133 ரூபாய் வளரும். கட்டக் கட்ட வளர்வது என்பதை அதுவரை கட்டடங்களில் மட்டுமே கண்டிருந்தோம். பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிட்டன. ஓய்வு பெற்ற பிறகும் கட்டவேண்டிய கடன்கள் உருவாயின. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி குறுக்கிட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, அல்லது இரண்டுமா என்று கடனாளியையே கேட்க வேண்டும். பகுதியாகவோ முழுதாகவோ எப்போது வேண்டுமானாலும் அடைக்க விடவேண்டும் என்றது.

தேர்ந்த தலைவனும் சறுக்கும் இடம் வங்கிக் கவுன்டர். “ஈ.எம்.ஐ. குறைக்கணுமா, டென்யூர் குறைக்கணுமா?” என்று கேட்பார்கள். சில இடங்களில் கேட்கவும் மாட்டார்கள். முதலாண்டு முடிவில் கட்டும் அந்த ஒரு லட்சத்துக்குத் தவணையைக் குறைக்கச் சொன்னால் மாதம் 885 ரூபாய் மிஞ்சும். மொத்த வட்டி லாபம் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். காலத்தைக் குறைக்கச் சொன்னால் அது 3 லட்சத்து 70 ஆயிரம். மூன்றரை மடங்கு வித்தியாசம், ஒரு வரிக் கடிதத்தில்.

இத்தனை கணக்கும் சொன்ன பிறகு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். தலைவன் கணக்குப் பார்த்து அடைப்பதில்லை. “பத்திரம் எப்பங்க வீட்டுக்கு வரும்?” என்று தலைவி கேட்கிறாள், அதனால் அடைக்கிறான். மூலப்பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் அடமானத்துக்கு 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலேயே இடமுண்டு. கல்கத்தா, பம்பாயோடு மெட்ராஸும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட நகரம். வீட்டில் குடியிருந்தும் வீட்டின் காகிதம் அடுத்தவர் பெட்டகத்தில் இருப்பது நம்மவர் மனத்தை எந்த வட்டி விகிதத்தையும்விட அதிகம் அரிக்கிறது. பதினாறாம் ஆண்டில் லாபம் சொற்பம் என்று எத்தனை அட்டவணை போட்டுக் காட்டினாலும் தலைவன் அடைத்தே தீருவான். இந்த விஷயத்தில் அட்டவணையைவிடத் தலைவியே சரி.

முந்தி முடித்தவர்களுக்கு நடைமுறைச் செய்தி ஒன்று. கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களை வங்கி திருப்பித் தரவேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. பத்திரம் கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டாம். கடனுக்காக எம்.ஓ.டி. (பத்திரத்தை ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு செய்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து அதை ரத்து செய்துவிட்டு, வில்லங்கச் சான்றில் அந்த ரசீது ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏறாதவரை, வீட்டை விற்கப் போகும் நாளில் தீர்ந்த கடனும் தீராத கடனாகவே தெரியும்.