மிதித்தால் நிற்குமா?

கேள்வி: அமெரிக்காவில் டிஸ்க் பிரேக் முதலில் வந்தது பணக்காரர் காரிலா, ஏழை காரிலா?

பதில்: இரண்டிலும், 1949-இல். கிரைஸ்லரின் கிரவுன் இம்பீரியல் எட்டுப் பேர் உட்காரும் லிமோசின். இரண்டு டன்னுக்கு மேல் எடை. க்ராஸ்லி ஹாட்ஷாட் அரை டன். ரேடியோவும் ஃபிரிட்ஜும் விற்றுச் சம்பாதித்த பவல் க்ராஸ்லி செய்த குட்டிக் கார். கதவுகூடக் கிடையாது. நடுத்தர வர்க்கம், வழக்கம்போல, டிரம் பிரேக்கை மிதித்தபடி காத்திருந்தது.

கேள்வி: கிரைஸ்லரில் இருந்தது டிஸ்க் பிரேக்கே இல்லை என்கிறார் என் மைத்துனர்.

பதில்: பாதி நியாயம் அவர் பக்கம். இன்றைய பிரேக்கில், சுழலும் தட்டை இரு பக்கமும் பேடுகள் கவ்வும். கிரைஸ்லரில் எல்லாம் தலைகீழ். சக்கரத்தோடு சுழல்வது வார்ப்பிரும்புக் கூடு. உள்ளே லைனிங் ஒட்டிய இரண்டு தட்டுகள். மிதித்தால் அவை விலகிக் கூட்டின் உட்சுவர்களில் அழுந்தும். தட்டுகளுக்கு நடுவே சரிவான பள்ளங்களில் எஃகு உருண்டைகள். சுழலும் கூடு தட்டைக் கொஞ்சம் இழுத்துப் போகும். உருண்டைகள் சரிவில் ஏறித் தட்டுகளை இன்னும் அகட்டும். ஓடுகிற வேகமே ஓட்டத்தை நிறுத்தத் துணைபோகிறது. லாம்பர்ட் என்பவரின் மூளை. மற்ற கிரைஸ்லர்களில் வேண்டுமென்றால் சுமார் 400 டாலர் கூடுதல். முழு ஹாட்ஷாட்டே ஆயிரம் டாலருக்குள் கிடைத்த காலம்!

கேள்வி: க்ராஸ்லி ஏன் டிஸ்க் பிரேக்கைச் சீக்கிரமே கைவிட்டார்?

பதில்: உப்பு. ஹாட்ஷாட்டில் இருந்த குட்இயர்-ஹாலி பிரேக் விமானத்துக்காகப் பிறந்தது. பனிக்காலத்தில் அமெரிக்கச் சாலைகளில் உப்பைக் கொட்டுவார்கள். அது அரித்து, பிரேக் இறுகிக்கொண்டது. காரை நிறுத்தும் என்று சொல்லி விற்றார்கள், நிறுத்தியது. விடத்தான் மாட்டேன் என்றது. 1950-லேயே டிரம்முக்குத் திரும்பிவிட்டார்.

கேள்வி: அப்புறம்?

பதில்: நீண்ட தூக்கம். 1963 மாடல் ஸ்டூடிபேக்கர் அவாந்தியில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க். 1965 கார்வெட்டில் நான்குக்கும். டிரம்மே போதும் என்றவர்களுக்கு விலையில் 64.50 டாலர் குறைத்தார்கள். அதற்கும் ஆள் இருந்தது. மணிக்கு 200 கிலோமீட்டர் தாண்டும் காரில் பிரேக்கில் மிச்சம் பிடித்த புண்ணியவான்கள்!

கேள்வி: 'முதல் டிஸ்க் பிரேக்' பட்டம் யாருக்கு? ஒரே பெயர் சொல்லுங்கள்.

பதில்: க்ராஸ்லிக்கு. கிரைஸ்லரின் பிரேக் 1954 வரை தாக்குப்பிடித்தது, சரி. ஆனால் உங்கள் காரின் முன்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்: தட்டை வெளியிலிருந்து கவ்வுகிற க்ராஸ்லி வழிதான் அங்கே இருக்கும். மைத்துனரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.