சுவருக்குள் என்ன இருக்கிறதோ, மாமா!

சன்னிவேல், கலிஃபோர்னியா

அன்புள்ள மாமாவுக்கு,

"அமெரிக்கா போயும் நீ எஸ்டிமேட்தான் போடுகிறாயாமே மாப்ளே, ஊரில் கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?" என்று எழுதியிருந்தீர்கள். கம்ப்யூட்டர் வேலை என்றே சொல்லிவிடுங்கள். நாள் முழுக்க எக்ஸெல்லைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். பொய் சொன்ன பாவம் உங்களைச் சேராது.

பழைய வீடுகளில் சமையலறை, குளியலறையை இடித்துப் புதிதாக்கித் தரும் கான்ட்ராக்டர் ஒருவரிடம் இருக்கிறேன். வீட்டைப் பார்த்து, அளந்து, இவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அளப்பது ஒரு பெரிய காரியமே இல்லை. லேசர் கருவியை ஒரு சுவரில் வைத்து அமுக்கினால் எதிர்ச்சுவர் எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று சொல்லிவிடும். டேப்பின் நுனியைச் சித்தாளிடம் கொடுத்துவிட்டு "இழுத்துப் பிடிம்மா" என்று நீங்கள் கத்துகிற வேலை இங்கே கிடையாது. கூரை வேலைக்கு மட்டும் நம் கணக்குதான்: நூறு சதுர அடி ஒரு சதுரம். முதன்முதலில் அதைக் கேட்டபோது பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

அளந்து முடித்து வந்து உட்கார்ந்து எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எதைச் செய்து தருவோம் என்பது ஒரு பக்கம் வரும். எதையெல்லாம் செய்ய மாட்டோம் என்பது மூன்று பக்கம் வரும். அந்த மூன்று பக்கத்தை எழுதத் தெரிந்தவன்தான் இந்தத் தொழிலில் பிழைப்பான்.

காரணம் இங்கத்திய சுவர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தட்டிப் பார்த்தே வயதானவர் நீங்கள். இதைத் தட்டினால் உங்களுக்குக் கோபம் வரும். பதினாறு அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம், அதன் இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் வெற்றிடம். சட்டத்தை 'டூ பை ஃபோர்' என்கிறார்கள். அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்கும். கும்பகோணத்தில் இப்படி விற்றால் மரக்கடை மறுநாள் திறந்திருக்காது. இங்கே சட்டப்படி அதுதான் அளவு. ஆனால் குறை சொல்வதற்கில்லை. இது பூகம்ப பூமி. 1989 அக்டோபரில் லோமா பிரியேட்டா நடுக்கம் வந்ததே, 6.9 அளவு, அந்த மாதிரி ஆட்டத்தில் மரம் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். வெறும் செங்கல் சுவர் விழுந்துவிடும்.

சிக்கல் அந்த வெற்றிடம்தான். உள்ளே வயர் ஓடுகிறது, தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, சில வீடுகளில் கரையானும் ஓடுகிறது. போன வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் தானே போட்ட கரன்ட் இணைப்புகளும் அங்கேதான் இருக்கும். உடைக்காமல் ஒன்றும் தெரியாது. ஆனால் உடைப்பதற்கு முன்னால் விலை சொல்ல வேண்டும்.

போன மாதம் ஒரு வீடு, 1950-களில் கட்டியது. எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். குளியலறையில் கண்ணாடி வைத்த சின்ன மருந்து அலமாரி சுவருக்குள் பதிந்திருந்தது. அதன் பின்தகட்டில் கிடைமட்டமாக ஒரு மெல்லிய வெட்டு. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வேலை ஆரம்பித்த அன்று எங்கள் குவாத்தமாலா ஆள் அந்தச் சுவரின் அடிப்பாகத்தைச் சுத்தியலால் பிளந்தார். உள்ளேயிருந்து சரசரவென்று கொட்டியது, மாமா, பழைய சவர பிளேடு! துருப்பிடித்துக் கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு சட்டத்துக்கு நடுவே ஒரு குவியல். அந்தக் காலத்து அலமாரிகளை இப்படித்தான் செய்திருக்கிறார்கள். சவரம் செய்து முடித்தால் பிளேடை அந்த வெட்டில் போட்டுவிட வேண்டியது. அது சுவருக்குள் விழுந்துவிடும். அப்புறம் அது யார் கவலையும் இல்லை. பாட்டி வந்து எட்டிப் பார்த்தார். "என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை ஒரு குப்பையை வெளியே கொண்டுபோய்ப் போட்டதில்லை. இதுவும் அப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் டிவியைப் போட்டுக்கொண்டார். எங்கள் முதலாளி அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டு, 'செய்ய மாட்டோம்' பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: சுவருக்குள் கிடைக்கும் பிளேடுகளை அகற்றும் கூலி இதில் அடங்காது.

1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதைக் கிளறுகிறவர் அதற்கென்று பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். 2010-லிருந்து நாடு முழுவதற்கும் இது விதி. சீலிங்கில் பொரி ஒட்டிய மாதிரி சொரசொரப்பான பூச்சு இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை. நாம் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கடப்பாறையைப் போடுவோமே, அதெல்லாம் இங்கே நடக்காது.

இனிமேல் சொல்லப்போவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கடைக்கால் தோண்டுமுன்னே பாதிப் பணத்தை எண்ணி வாங்குகிறவர் நீங்கள். இங்கே கலிஃபோர்னியா சட்டப்படி முன்பணம் மொத்தத் தொகையில் பத்து சதவீதம், அல்லது ஆயிரம் டாலர், இரண்டில் எது குறைவோ அதுதான். அறுபதாயிரம் டாலர் சமையலறைக்கும் ஆயிரம்தான். மிச்சத்தை வேலை நடக்க நடக்கத்தான் வாங்கலாம், நடந்த வேலையின் மதிப்புக்கு மேல் ஒரு டாலர் கேட்கக் கூடாது. கையெழுத்துப் போட்டபிறகும் மூன்று வேலைநாள் வரை காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். அறுபத்தைந்து வயது நிரம்பியவருக்கு ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் எங்கள் முதலாளி போன் அடித்தாலே திடுக்கிடுவார்.

நம் ஜனங்களைப் பற்றிக் கேட்டீர்களே. இந்தப் பக்கம் ஏராளமாக இருக்கிறார்கள், எல்லாரும் சாஃப்ட்வேர். அதனால் நான் போடும் எஸ்டிமேட்டுக்கு அவர்கள் ஒரு எஸ்டிமேட் போடுகிறார்கள். மூன்று கம்பெனியின் விலையை அருகருகே வைத்து, நான் கனவிலும் நினைக்காத கலங்களெல்லாம் போட்டு, சிவப்பு, பச்சை அடித்து அனுப்புவார்கள். ஒருவர் தரை 84 சதுர அடிதானே, டைல்ஸ் மட்டும் 93 சதுர அடிக்கு ஏன் என்று கேட்டார். மூலையில் வெட்டும்போது வீணாகும், உடையும், அதற்குப் பத்து சதவீதம் கூடுதல் என்றேன். நம்பவில்லை. மிச்ச டைல்ஸை எடுத்துப்போய் நான் என்ன வடையா சுடப்போகிறேன்? எல்லாம் பேசி முடித்தபின் தமிழுக்கு மாறி, "நம்மூர்க்காரர்தானே, பாத்துப் போடுங்க தம்பி" என்பார்கள். அதற்கு மட்டும் எக்ஸெல்லில் கலம் கிடையாது.

மதுரைக்காரர் ஒருவருக்குச் சமையலறைச் சுவரை எடுத்து ஹாலோடு சேர்த்துவிட ஆசை. இங்கே அதுதான் இப்போது மோஸ்தர். அந்தச் சுவரோ கூரையைத் தாங்குகிற சுவர். எஞ்சினியர் வரைபடம், பீம், நகராட்சி பெர்மிட் என்று ஆயிரக்கணக்கில் ஏறியது. எல்லாம் முடிந்து பால் காய்ச்சினார்கள். அடுத்த சனிக்கிழமை அந்தம்மா நெத்திலி வறுத்திருக்கிறார். வாசனை சோபா, திரை, படுக்கையறைத் தலையணை வரை போய்விட்டது. இப்போது நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு போட என்ன ஆகும் என்று கேட்டு மெயில் வந்திருக்கிறது. சந்தோஷமாகப் போட்டுக் கொடுக்கிறேன்.

இன்னொருவருக்கு வாஸ்துப்படி அடுப்பைத் திருப்ப வேண்டும். அவருடையது ஐக்ளர் வீடு. ஜோசப் ஐக்ளர் என்ற பில்டர் இந்த மாநிலத்தில் சுமார் 11,000 வீடு கட்டினார்; கண்ணாடிச் சுவரும் தட்டைக் கூரையுமாக இன்றைக்கும் அதற்குக் கிராக்கி. ஆனால் அந்த வீடுகளில் குளிருக்காகக் கான்கிரீட் தரைக்குள் வெந்நீர்க் குழாய்களைப் புதைத்திருப்பார்கள். கேஸ் லைனைத் தரைவழி கொண்டுபோகத் தளத்தை வெட்டினால் குழாயும் சேர்ந்து வெட்டுப்படும். வாஸ்து பார்த்தவரிடம் இதைச் சொன்னேன். அதற்கும் ஒரு பரிகாரம் இருக்கிறதாம், அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கலாமாம். அவர் பிழைக்கத் தெரிந்தவர், மாமா.

இன்ஸ்பெக்டர் வந்து வயரையும் குழாயையும் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை சுவரை மூடக் கூடாது. அவருக்குக் காபி கொடுத்தால்கூட வேண்டாம் என்கிறார். எனக்கு ஆரம்பத்தில் கை காலெல்லாம் நடுங்கியது. ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட வேலைக்குப் பெர்மிட் எடுத்தால் வீட்டில் புகை எச்சரிக்கை மணிகள் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டப்போய், படுக்கையறைகளில் மணி மாட்டிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

மச்சான் சிவில் முடித்துவிட்டான், அவனையும் இழுத்துக்கொள் என்று அத்தை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நேராக இந்த வேலைக்கு விசா வாங்கி வருவதெல்லாம் ஆகிற காரியமில்லை. நான் வந்தது ஹெச்-1பி வேலை விசா வைத்திருக்கும் என் வீட்டுக்காரியின் புண்ணியத்தில், துணைக்குத் தரும் ஹெச்-4 விசாவில். பச்சை அட்டைக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டு வரிசையில் நிற்கிறவர்களின் கணவனோ மனைவியோ வேலை பார்க்கலாம் என்று 2015-ல் விதி வந்ததே, அதில்தான் எனக்கு இந்தப் பிழைப்பு. ஆகவே மச்சானை எக்ஸெல் படிக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் ஸ்பானிஷும் படிக்கச் சொல்லுங்கள்; சைட்டில் ஆங்கிலத்தைவிட அதுதான் சோறு போடும். அவனுக்குப் பெண் பார்க்க ஜாதகத்தை எடுக்கும்போது அத்தையிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்க வேண்டாம், எந்தக் கம்பெனி, ஐ-140 ஆகிவிட்டதா என்று கேட்கட்டும்.

தங்கள் அன்பு மருமகன்