மாங்கா லோடும் பிள்ளையார் சத்தியமும்

ஏன் நைனா, பெங்களூருல சம்பளம் வாங்கற புள்ள நீ. தாத்தனோட மண்டிக் கணக்க பைத்தான்ல ஏத்தறேன்னு மூணு நாளா திண்ணைய அடைச்சிக்கினு உக்காந்திருக்கே. இன்னாதான் வருதுன்னு எட்டிப் பாத்தா, தோத்தாபுரி மாங்கா லோடக் காட்டுன்னு கேட்டதுக்கு “லோடு ஆப்ஜெக்ட் அட் ஜீரோ எக்ஸ் செவன் எஃப்”னு உளறுது. யாருடா நீன்னு கேட்டா, பேர வுட்டுட்டு படுத்திருக்கற எடத்தோட சர்வே நம்பரச் சொல்லுவானா ஒருத்தன்? ஜாவாக்காரன் வூட்லயும் இதே லட்சணந்தானாமே: கிளாஸ் பேரு, ஒரு அட் குறி, பின்னால வாய்ல நுழையாத நம்பரு.

அப்புறம் பேரச் சொல்ல ஸ்ட்ர்னு ஒண்ணு எழுதினே, ஒத்துக்கறேன். அதுக்குள்ளயே பிரிண்ட் போட்டுட்டு ரிட்டர்ன மறந்துட்டே. டைப் எர்ரர்னு மூஞ்சில அடிச்சிது. பேர எழுதிக் கொண்டாடான்னு அனுப்பினா, தெருவுல நின்னு கத்திட்டு வெறுங்கையோட திரும்பி வந்தா எவன் ஒத்துக்குவான்?

அத்த சரி பண்ணே. ஒத்த லோடு அழகா வந்திச்சி. லிஸ்ட்டா கேட்டே, மறுபடி சர்வே நம்பரு! லிஸ்ட்டு தன் வயித்துக்குள்ள இருக்கறத ஸ்ட்ர் கிட்ட கேக்காது, ரெப்ர்னு இன்னொண்ணு இருக்குது, அது கிட்டதான் கேக்கும். நீ சோம்பேறி, எனக்குத் தெரியும். ஒண்ணுதான் எழுதுவேன்னா ரெப்ர எழுது. ஸ்ட்ர் இல்லாத வூட்ல அதுவே வந்து நிக்கும். ரெப்ர் இல்லாத வூட்ல ஸ்ட்ர் வந்து நிக்காது.

நம்மூரு பிள்ளையார எடுத்துக்கோ. வெள்ளிக் கவசம் போட்டு ஊருக்குக் காட்டறாங்களே, அது ஸ்ட்ர். குளத்துல முழுகி, ஈரத்துணியோட அவரு முன்னால நின்னு ஒருத்தன் சத்தியம் பண்றானே, அது ரெப்ர். அங்க பூசி மொழுக முடியாது. உன் லோட்டுல எடை 12ன்னு திரையில தெரியுது. அது எண்ணா, எழுத்தா? ஸ்ட்ர் ரெண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும். ரெப்ர் மட்டுந்தான் எழுத்துக்கு மேற்கோள் குறி போட்டு உண்மையக் கக்கும். ரெண்டால பெருக்கிப் பாரு, எண்ணுன்னா 24, எழுத்துன்னா 1212. அத்தன டன் மாங்காய நம்ம வூட்ல எறக்கினா பாட்டி எங்கடா படுப்பா?

ஆமா, நேத்து வண்டி வாடகைன்னு புதுசா ஒண்ணு சேத்தியே, பிரிண்ட்ல காணோமே? பிள்ளையாரு வளந்துக்கினே இருக்காரு, பழைய கவசம் பத்தலன்னு கோயில்ல சொல்றாங்க. உன் லோடும் வளந்துடுச்சி, நீ இன்னும் போன வாரத்துக் கவசத்தயே மாட்டிக்கினு இருக்கே.

சரி சரி, மூஞ்சியத் தூக்காத. களி ஆறுது, வேர்க்கடலை சட்னி இருக்குது, எந்திரி.