முற்றியது செடியா, கண்ணா?

என் கையால் எதுவும் சரியான நாளில் ஆயப்பட்டதில்லை. யாழ்ப்பாணத்து வளவில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்துக் காயை நான் தட்டிப் பார்த்து, காம்பை முகர்ந்து பார்த்து, "நாளைக்கு ஆயலாம்" என்று சொன்ன இரவில்தான் வௌவால் வரும். அதற்குப் பயந்து முந்திக்கொண்டால் சம்பலுக்குத்தான் ஆகும்.

இப்படிப்பட்டவன் ஸ்காபரோவில் கஞ்சாச் செடி வளர்த்தது ஆசையால் அல்ல. நான் சுருட்டுக்கூடக் குடித்தறியாதவன். 2018 ஒக்டோபர் 17இல் கனடாவில் கஞ்சா சட்டப்படி ஆனது. ஒன்ராறியோவில் வீட்டுக்கு 4 செடி வைக்கலாம், ஆளுக்கல்ல, வீட்டுக்கு. சொத்து வரி கட்டுகிறவனுக்கு அரசாங்கம் நாலு தருகிறது, வேண்டாம் என்பதா?

"ஊரில எண்டா இந்நேரம் உங்கட படம் பேப்பரில வந்திருக்கும்" என்றாள் மனைவி. காலையில் தேத்தண்ணியோடு ஊர்ச் செய்தி பார்க்கிறவள் அவள். கடலில் கேரள கஞ்சா பிடிபட்ட செய்தி வந்தால் எனக்குக் கேட்கும்படி உரத்து வாசிப்பாள்.

மாமிக்குச் செடி பிடித்துக்கொண்டது. விரல் விரித்த கைபோல இலையைக் கண்டதும் மரவள்ளி என்று முடிவுகட்டிவிட்டார். எண்பது வயதில் அவருக்கு உண்மையைச் சொல்லும் துணிவு எங்கள் இருவருக்கும் இல்லை. "கிழங்கு எப்ப தம்பி கிண்டுறது?" என்று கேட்டுக் கேட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

மே மாதம் விக்டோரியா நாள் கழித்து நட்டேன். பகல் குறுகத் தொடங்கியதும் பூத்தன. ஓகஸ்டில் ஒன்று ஆண் என்று தெரிந்தது. ஆண் பப்பாசியைப்போல் சும்மா நின்றாலும் பரவாயில்லை. இது மகரந்தம் தூவி மற்ற மூன்றையும் விதையாக்கிவிடுமாம். பிடுங்கினேன். மிச்சம் மூன்று.

செப்டெம்பரில் என் பழைய வியாதி தொடங்கியது: ஆயலாமா, பொறுக்கலாமா?

பூவில் வெள்ளை முடி நீட்டிக்கொண்டிருந்தால் பிஞ்சு, அது பழுப்பாகி உள்ளே சுருண்டால் முற்றல் என்பது ஒரு கட்சி. ஆனால் மழை அடித்தாலும் முடி பழுக்கும், ஓயாமல் தொட்டாலும் பழுக்கும். நானோ தினமும் மூன்று வேளை தொடுகிறவன்.

மற்றக் கட்சி, வைரம் பார்க்கிற பூதக்கண்ணாடி வாங்கச் சொன்னது. பூவின்மேல் சீனி தூவியதுபோல் ஒட்டியிருப்பவை, பெருப்பித்துப் பார்த்தால் குட்டிக் குட்டிக் காளான்கள். அவற்றின் தலைக்குள் பிசின். கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் பொறு. பால்போல் கலங்கினால் வெட்டு. தேன் நிறம் கூடிவிட்டால் போதை தரும் டி.எச்.சி. சிதையத் தொடங்கிவிட்டது.

வாங்கினேன். முழங்காலில் இருந்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மூன்று செடியும் பால்! கத்தரிக்கோலை எடுத்து முதலாவதை அடியோடு வெட்டியும் விட்டேன். அப்போது மகன் வந்து கண்ணாடியை வாங்கிப் பார்த்தான்.

"அப்பா, இது தண்ணி மாதிரித் தெளிவாயெல்லோ இருக்கு."

யோசித்துப் பார்த்தால் வேலிக்கு அப்பால் அயலவரின் தக்காளியும் எனக்குப் பால் கலந்துதான் தெரிந்தது. கண் வைத்தியர் போன வருடமே சொன்னார், வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று. அந்தப் பூங்காவனத்தில் ஆயும் பருவத்தில் இருந்தது என் கண் ஒன்றுதான்.

அதன்பிறகு மகன்தான் பரிசோதகர். ஒரு நாள் நானே கள்ளமாகப் பார்த்து, இடது கண்ணால், தேன் நிறம் கண்டு கத்தினேன். "நீங்கள் இலையைப் பாக்கிறியள். இலை முந்திப் பழுக்கும், பூவைப் பாருங்கோ" என்றான். பூவிலும் நுனி முந்தும், அடி பிந்தும். ஒரே செடி, ஒரே வேர், உள்ளுக்குள் ஒற்றுமை கிடையாது. எங்கள் சங்கக் கூட்டம் ஞாபகம் வந்தது.

"இன்னும் ஒரு கிழமை" என்றேன். அடுத்த கிழமையும் அதையே சொன்னேன். ஒக்டோபர் மழை நாலு நாள் விடாமல் பெய்தது. இரண்டாவது செடியில் என் முழங்கைப் பருமனுக்குக் கொழுத்திருந்த பூவை விரித்தால், உள்ளே சாம்பல் பூஞ்சணம். வௌவால் கனடாவுக்கு விசா இல்லாமலே வந்து சேர்ந்துவிட்டது.

அன்றிரவு உறைபனி எச்சரிக்கையும் வந்தது. மூன்றாவதைப் பாலா தேனா என்று பார்க்க நேரமில்லை. மனைவி குடையும் ரோச் லைற்றும் பிடிக்க நான் வெட்டினேன். "கல்யாணத்துக்கு மட்டும் எப்பிடியப்பா டக்கெண்டு ஓம் எண்டனீங்கள்?" என்று இருட்டுக்குள் கேட்டாள். நான் மழைச் சத்தத்தில் கேளாதவன்போல் நின்றேன். நிலவறையில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டோம்.

காலையில் பின்வளவில் மண் கிளறும் சத்தம். எட்டிப் பார்த்தேன். குளிர் அங்கியும் கம்பளித் தொப்பியுமாக மாமி, அடிக்கட்டைகள் மூன்றையும் தோண்டி, வேர்களை வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு, அகப்பைக் காம்பால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையை ஆட்டினார்.

"அவசரப்பட்டிட்டியள் தம்பி. இன்னும் கிழங்கே வைக்கேல்லை."