எட்டாவது தாத்தா

போன ஞாயிற்றுக்கிழமை வாங்கிய வெள்ளி டாலர் இப்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. பிள்ளையார் காந்தத்தின் மேல் 'டக்'கென்று போய் ஒட்டிக்கொண்டது. நடுவில் பால்காரர் சீட்டைச் செருகி வைத்துவிட்டாள் என் மனைவி. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. இது ஏழாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். 3,800 ரூபாயை எண்ணிக் கொடுத்த எனக்கும் தெரியும், வீட்டுக்கு வந்த பிறகு.

மனைவியின் அண்ணன் வந்தார், பார்த்தார். "நாணயத்துல நாணயம் இல்லையே மாப்பிள்ளை" என்றார். பழைய நாணயம் வாங்கும் இந்தப் பழக்கத்தில் நான் விழுந்த நாளிலிருந்து அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் இப்போதுதான் தோன்றியது போல ஒரு சிரிப்பு வேறு.

போலியைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. அவற்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை.

பழைய வெள்ளி விற்கிற எவரும் "மொத்தமாகக் கொள்முதல் செய்தேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரு தாத்தா இருப்பார். தாத்தா பினாங்கில் இருந்திருப்பார். அல்லது ரங்கூனில். சிங்கப்பூர் என்றால் விலை ஐந்நூறு ஏறும். பினாங்குத் தாத்தா தகரப் பெட்டியோடு கப்பலிலிருந்து இறங்குவார். ரங்கூன் தாத்தாவுக்குத் தேக்குப் பெட்டி. பெட்டியை ஐம்பது வருஷம் யாரும் திறக்க மாட்டார்கள். என் வீட்டில் முறுக்கு டப்பா ஒரு சாயங்காலம் தாங்குவதில்லை. பாட்டி சாவியை இடுப்பில் முடிந்தபடியே கண்ணை மூடுவாள். அப்புறம் பழைய வீட்டை இடிப்பார்கள். பெட்டி அகப்படும். அகப்பட்ட சூட்டோடு பேரனுக்குப் பணமுடை வரும். "உங்களுக்குங்கிறதாலதான் சார்."

ரங்கூன் தாத்தாவை நான் ரொம்பக் காலம் நம்பினேன். பிறகு ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து உட்கார்ந்தேன். பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்த நாடு. அங்கே ஓடியது நம்ம ரூபாய். ரூபாயில் சம்பளம் வாங்கிய மனிதர் ஹாங்காங்கிலும் மலாயாவிலும் செல்லுகிற டாலரை எதற்காகப் பெட்டியில் போட்டார்? அவரைக் கேட்க முடியாது, காலமாகிவிட்டார். பிறக்கவே இல்லை என்பது என் சந்தேகம்.

பினாங்குத் தாத்தா இன்னும் மோசம். அந்த ஊர்த் தமிழர்கள் இன்றைக்கும் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். டீ இரண்டு வெள்ளி, சாப்பாடு பத்து வெள்ளி. காகித நோட்டில் எவ்வளவு வெள்ளி இருக்கிறதோ அவ்வளவுதான் என் டாலரிலும் இருக்கிறது. போன வருஷம் ரங்கூன் தாத்தாவிடமிருந்து வந்தது 1898. இந்த வருஷம் பினாங்குத் தாத்தாவிடமிருந்து 1902. இரண்டிலும் டாலர் முகத்தில் நிற்கிற பிரிட்டானியா அம்மாளின் முழங்கைக்குக் கீழே ஒரே இடத்தில் ஒரே கீறல். இரண்டு தாத்தாக்களுக்கும் ஒரே பட்டறை.

இதுவரை ஏழு தாத்தாக்கள் சேர்ந்திருக்கிறார்கள். என் சொந்தத் தாத்தா செங்கல்பட்டைத் தாண்டியதில்லை. செப்புக்காசுகூட விட்டுவிட்டுப் போகவில்லை.

சரி, வழிகள். முதலாவது எடை. 1895 முதல் 1935 வரை அடித்த இந்த பிரிட்டிஷ் வர்த்தக டாலர் 26.95 கிராம் இருக்க வேண்டும். ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி. பெரும்பாலானவை பம்பாயில் அடித்தவை. அம்மாள் கையிலுள்ள சூலத்தின் நடு முனையில் கடுகில் கால்வாசியாக 'பி' எழுத்து இருக்கும். அதை லென்ஸ் வைத்து அரைமணி நேரம் பார்த்து, இருக்கிறது இருக்கிறது என்று குதித்தேனே தவிர, எடை போடவில்லை. தெருமுனை நகைக்கடைத் தராசில் வைத்தால் 20 கிராம் 300 மில்லி. கடைப் பையன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதாக இல்லை.

இரண்டாவது முத்திரை. அந்தக் காலத்துச் சீன வியாபாரிகள் டாலரைச் சோதித்து, நல்லது என்று கண்டால் அதன் முகத்திலேயே தங்கள் குறியை அடித்துவிடுவார்கள். எனவே முத்திரை விழுந்த டாலர் நம்பகமானது என்று படித்தேன். படித்தவன் நான் மட்டும் இல்லை போலிருக்கிறது. இப்போது வார்க்கும்போதே முத்திரையையும் சேர்த்து வார்த்துவிடுகிறார்கள்.

இதைவிட எனக்கு எரிச்சல் மூட்டுவது மரியா தெரேசா ராணியின் தாலர் என்கிற வெள்ளி நாணயம். ராணியம்மாள் 1780-இல் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் வியன்னா, லண்டன், பாரிஸ், ரோம் என்று ஊர் ஊராக அடித்தார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் நம்ம பம்பாயிலும் அடித்தார்கள். எல்லாவற்றிலும் 1780 என்றே போட்டார்கள். எத்தியோப்பியாவிலும் அரேபியாவிலும் அதுதான் செல்லும் என்பது காரணம். சர்க்கார் பழைய தேதி போட்டால் மறுபதிப்பு, பட்டறைக்காரன் போட்டால் மோசடி! சர்க்கார் காசில் வெள்ளியாவது இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது வழியை எழுதத் தொடங்கும்போது ஃபோன் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை டாலர் விற்ற அதே ஆள். தாலர் ஒன்று வந்திருக்கிறதாம், கறுத்துப்போய், கழுவாமல். இந்தத் தாத்தா ஏடனில் இருந்தவராம். பெட்டி என்ன பெட்டி என்று கேட்டேன். சந்தனப் பெட்டியாம்.

ராணியின் தோள் ஊசியில் ஒன்பது முத்து இருக்க வேண்டும். சனிக்கிழமை பத்தரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். பிள்ளையார் காந்தத்தைக் கேட்டேன். பால் சீட்டு விழுந்துவிடும், தர முடியாது என்றுவிட்டாள் மனைவி.